பம்ப் வாங்குமுன் கடிகாரத்தைப் பாருங்கள்

வேலைக்குத் திரும்பும் தாய்க்குத் தாய்ப்பால் பம்ப் நல்ல துணை. ஆனால் எந்த பம்ப் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது விலையோ விளம்பரமோ அல்ல. தாயும் சேயும் பிரிந்திருக்கும் நேரம்.

காலை ஆறு மணியிலிருந்தே ஆகுர்டி காலியாகத் தொடங்குகிறது. போசரி, தளவடே, சாக்கன் தொழிற்சாலைகளின் முதல் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் புறப்படுகின்றன. சற்று நேரம் கழித்து ஹிஞ்சவடி மென்பொருள் கம்பெனிகளின் பஸ்கள். ரயில் நிலையத்தில் லோனாவ்லாவிலிருந்து புனே செல்லும் லோக்கலுக்குக் கூட்டம்.

இந்தக் கூட்டத்தில் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வரும் தாய்மார்களும் உண்டு. பையில் டிபன் பாக்ஸோடு ஒரு மாற்று உடையும் இருக்கும். பதினோரு மணிவாக்கில் மார்பு கனத்து, பால் தானாகக் கசியத் தொடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதே நேரத்தில் வீட்டில் குழந்தை பசித்து அழும். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி பால் பவுடர் டின்னைத் திறப்பார். ஒரு பக்கம் பால் வீணாகிறது. மறுபக்கம் அதற்குப் பதிலாகக் காசு கொடுத்து வாங்கிய பவுடர் கரைக்கப்படுகிறது.

இந்த இரண்டு பக்கங்களையும் இணைக்கும் கருவிதான் பிரெஸ்ட் பம்ப். ஒரு காலத்தில் பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே காணப்பட்ட இது, இன்று மருந்துக் கடைகளிலும் குழந்தைப் பொருள் கடைகளிலும் டஜன் கணக்கான ரகங்களில் கிடைக்கிறது. கையால் இயக்குவது, மின்சாரத்தில் இயங்குவது, ஒரு மார்புக்கு, இரு மார்புக்கு, உள்ளாடைக்குள்ளேயே மறைந்துகொள்வது என்று வகைகள். விலை சில நூறு ரூபாயில் தொடங்கி பல ஆயிரங்களில் போய் நிற்கிறது. தோழி சொன்னதைக் கேட்டு வாங்குபவர்கள், விலை அதிகமென்றால் தரமும் அதிகம் என்று நம்பி வாங்குபவர்கள் என்று பலர். வாங்கிய பம்ப் ஒரே மாதத்தில் அலமாரிக்குப் போய்விடுவதும் நடக்கிறது. காரணம், முதலில் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படுவதில்லை: இந்தத் தாயும் குழந்தையும் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பிரிந்திருக்கப் போகிறார்கள்?

விடுப்புக் கணக்கு

ஆகுர்டியில் இந்தக் கேள்விக்கு அழுத்தம் அதிகம். பஜாஜ் ஸ்கூட்டர்களோடு சேர்த்து அறியப்பட்ட ஊர் இது. 2007இல் இங்கே இருசக்கர வாகன உற்பத்தி நின்றது. 2022இல் மின்சார சேத்தக்குக்காக ஆகுர்டியிலேயே புதிய ஆலை திறக்கப்பட்டது. வேலை தேடி வந்தவர்களில் தமிழ்க் குடும்பங்களும் கணிசம். ஆகுர்டி, நிகடி, சிஞ்ச்வட் என்று பரவியிருக்கும் இந்தக் குடும்பங்களில் கணவன், மனைவி இருவருக்கும் வேலை. தாய் வீடும் மாமியார் வீடும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

சட்டம் ஓரளவு கை கொடுக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017இல் செய்யப்பட்ட திருத்தம், சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது பொருந்தும். ஏற்கெனவே இரு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த 26 வாரங்களைத் தொடர்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆறு மாதம் என்பது 26 வாரம். காகிதத்தில் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது.

நடைமுறையில் பொருந்துவதில்லை. இந்த 26 வாரங்களில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு ரயிலேறும் தமிழ்ப் பெண்கள் பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள். எட்டு வாரமும் முன்பே கரைந்துவிட்டால் மிச்சம் 18 வாரம். வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு வயது நான்கு மாதம்தான். இன்னும் இரண்டு மாதத்துக்கு அதற்குப் பால் மட்டுமே உணவு.

ஒப்பந்தத் தொழிலாளிகளின் நிலைமை இன்னும் மோசம். விடுப்புக்குத் தகுதி பெற, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பதிவேட்டில் புதிய ஆளாகிவிடும் பெண்ணுக்கு இந்த நிபந்தனையே தடைச் சுவர். விடுப்பு கிடைக்காதவர் வேலையை விடுகிறார். அல்லது பச்சை உடம்போடு திரும்புகிறார்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதத்தினருக்குத்தான் தாய்ப்பால் மட்டும் கொடுக்கப்படுகிறது. மூன்றில் ஒரு குழந்தைக்கும் மேல் வேறு எதையோ குடிக்கிறது. வேலைக்குத் திரும்புவது மட்டுமே இதற்குக் காரணமல்ல. ஆனால் தாய் நினைத்தால் பெருமளவு சமாளிக்கக் கூடிய காரணம் அது.

எடுக்க எடுக்கச் சுரக்கும்

எந்த பம்ப் என்று பார்ப்பதற்கு முன், பால் சுரப்பதன் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. குழந்தை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் வெளிப்படுகின்றன. புரோலாக்டின் பாலைச் சுரக்க வைக்கிறது. ஆக்சிடோசின், சுரந்த பாலைக் காம்பை நோக்கித் தள்ளுகிறது. மார்பிலிருந்து பால் வெளியேற வெளியேற அடுத்த பால் சுரக்கிறது. நிரம்பிய மார்பு பல மணி நேரம் அப்படியே விடப்பட்டால், ‘தேவை குறைந்துவிட்டது’ என்று உடல் எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைக்கிறது. வேலைக்குப் போன சில வாரங்களில் ‘பால் வற்றிவிட்டது’ என்று தாய் வருந்துவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். வற்றியதல்ல, எடுக்காததால் குறைந்தது.

எவ்வளவு எடுக்க வேண்டும்? ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையான குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 750 மி.லி. அளவு பால் குடிக்கிறது. அதாவது மணிக்கு ஏறக்குறைய 30 மி.லி. காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும் தாய் விட்டுச் செல்ல வேண்டியது சுமார் 300 மி.லி. அலுவலகத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தால் அடுத்த நாளைக்கான பால் தேறிவிடும். ஆகுர்டியிலிருந்து ஹிஞ்சவடிக்குத் தூரம் அதிகமில்லை. ஆனால் போக்குவரத்து நெரிசல் தின்னும் நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

யாருக்கு எது?

மணிக்கணக்கு தெரிந்துவிட்டால் பம்ப் தேர்வு எளிதாகிவிடும்.

வாரத்தில் ஐந்தாறு நாள், நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் பிரிந்திருக்கும் அலுவலகத் தாய்க்கு இரு மார்பிலும் ஒரே நேரத்தில் பால் எடுக்கும் மின்சார பம்ப் பொருத்தம். ஒவ்வொரு மார்பாக எடுத்தால் அரை மணி நேரமாகும் வேலை, இதில் 15 முதல் 20 நிமிடத்தில் முடியும். முதலில் வேகமாகவும் மென்மையாகவும் இழுத்துப் பாலை இறங்க வைத்து, பிறகு மெதுவாகவும் ஆழமாகவும் இழுக்கும் இரண்டு கட்ட வசதி இருக்க வேண்டும். குழந்தையும் அப்படித்தான் குடிக்கிறது. சார்ஜ் செய்யக் கூடிய பேட்டரி அவசியம். ஒதுங்குவதற்குக் கிடைக்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. புனே வட்டாரத்தில் பராமரிப்புக்கான மின்தடை பெரும்பாலும் வியாழக்கிழமைகளில் வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்ணுக்கு இடைவேளை குறைவு, இடமும் குறைவு. அவருக்கு கைப்பிடியை அழுத்தி இயக்கும் சிறிய பம்ப் போதும். விலை குறைவு; கைப்பையில் அடங்கும்; கழற்றிக் கழுவுவது எளிது. ஆனால் தினமும் மூன்று முறை என்றால் மணிக்கட்டு வலிக்கும். எனவே கையாலேயே பால் எடுக்கும் பழக்கமும் கூடவே இருக்க வேண்டும்.

குறைமாதக் குழந்தையின் தாய்க்கு நிலைமையே வேறு. உலகிலேயே அதிகமாகக் குறைமாதப் பிரசவங்கள் நடக்கும் நாடு இந்தியா. 2020இல் மட்டும் சுமார் 30 லட்சம். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்போது மார்பைச் சப்ப அதற்கு வலு இருக்காது. இந்தத் தாய் பிரசவமான சில மணி நேரத்துக்குள் பால் எடுக்கத் தொடங்கி, இரவும் பகலுமாக நாளொன்றுக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களில் சொட்டுச் சொட்டாக வரும் சீம்பாலைக் கையால் எடுப்பதே சிறந்தது. பம்ப்பில் அது குழாயிலும் புனலிலும் ஒட்டி வீணாகிவிடும். பால் இறங்கிய பிறகு, மருத்துவமனைகளில் பலர் பயன்படுத்துவதற்கென்றே தயாரிக்கப்படும் வலுவான மோட்டார் பம்ப் உகந்தது. இதை விலைக்கு வாங்கத் தேவையில்லை. பெருநகரங்களில் வாடகைக்குக் கிடைக்கிறது.

வீட்டிலேயே இருந்து, எப்போதாவது வெளியே போகும் தாய்க்கு பம்ப்பே தேவையில்லாமல் இருக்கலாம். ஒரு பக்கம் குழந்தை குடிக்கும்போது மறுபக்கம் கசியும் பாலைப் பிடித்துக்கொள்ளும் சிலிக்கான் கிண்ணம் போதுமானது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தேவைக்கு மேல் பால் எடுப்பதும் ஆபத்துதான். உடல் தேவை கூடிவிட்டதாக எண்ணி அதிகமாகச் சுரக்கும். மார்பில் பால் கட்டிக்கொண்டு வீக்கமும் காய்ச்சலும் வரலாம். பால் கட்டினால் சொட்டு விடாமல் பம்ப் செய்ய வேண்டும், அழுத்தித் தேய்த்துவிட வேண்டும் என்ற பழைய யோசனையை மருத்துவர்கள் இப்போது கைவிட்டிருக்கிறார்கள். வழக்கம்போலக் குழந்தைக்குக் கொடுப்பது, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், காய்ச்சல் தொடர்ந்தால் டாக்டர். இதுதான் இன்றைய ஆலோசனை.

உள்ளாடைக்குள் பொருத்தும் நவீன பம்ப்கள் மீது இளம் தாய்மார்களுக்கு மோகம் அதிகம். குழாய் இல்லை, ஒயர் இல்லை, கையும் ஓய்வாக இருக்கும். ஆனால் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க முடியாது. சரியாகப் பொருந்தாவிட்டால் பால் முழுதாக வராது. இதையே ஒரே பம்ப்பாக நம்புவதைவிட, இரண்டாவது பம்ப்பாக வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றை மட்டும் எந்த விலைக்கும் வாங்கக் கூடாது: சைக்கிள் ஹாரன் போல ரப்பர் பந்து வைத்த பழைய ரகம். பந்துக்குள் புகும் பாலைக் கழுவி எடுக்க முடியாது. கிருமிகள் அங்கேயே குடியிருக்கும். இழுப்பு விசையும் கட்டுப்பாட்டில் இராது.

மில்லிமீட்டரில் இருக்கும் ரகசியம்

பம்ப்பால் வலிக்கிறது என்று சொல்லும் தாய்மார்கள் பெரும்பாலும் மோட்டாரைக் குறை சொல்கிறார்கள். கோளாறு மார்பில் பொருத்தும் புனலில் இருக்கக் கூடும். பல பம்ப்களோடு வருவது 24 மி.மீ. புனல். எல்லோருக்கும் அது பொருந்தாது. காம்பின் குறுக்களவை ஸ்கேலால் அளந்து, அதைவிடச் சில மி.மீ. மட்டும் பெரிதான புனலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காம்பு குழாயின் சுவரில் உராய்ந்து சிவந்தால் புனல் சிறிது. காம்போடு சேர்ந்து கருவட்டமும் உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. எனவே பல அளவுகளில் புனலும் மாற்று வால்வும் தனியாகக் கிடைக்கும் பம்ப்பைப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். பால் திடீரென்று குறைந்தால் அது தாயின் உடம்பால் அல்ல, தேய்ந்துபோன ஒரு சிறிய சிலிக்கான் வால்வால் இருக்கலாம்.

இழுப்பு விசை அதிகமிருந்தால் பால் அதிகம் வரும் என்பதும் தவறு. வலி வந்தால் ஆக்சிடோசின் தடைபட்டுப் பால் இறங்காது. வலிக்காத அளவில் எவ்வளவு அதிகமோ அதுவே சரியான அளவு. கண்ணை மூடிக் குழந்தையை நினைப்பது, அதன் போட்டோவைப் பார்ப்பது, அதன் துணியை முகர்வது எல்லாம் உண்மையிலேயே பாலை இறக்கிவிடும்.

‘அக்கா பயன்படுத்திய பம்ப் சும்மாதானே கிடக்கிறது’ என்று வாங்கிப் பயன்படுத்துவது நம் வீடுகளில் இயல்பு. இங்கே எச்சரிக்கை தேவை. ஒருவர் பயன்படுத்துவதற்கென்று தயாரிக்கப்பட்ட பம்ப்பில், முன்னவருடைய பாலின் துளிகள் குழாய் வழியே மோட்டார் வரை போயிருக்கலாம். அதைக் கழற்றிக் கழுவ வழியில்லை. மருத்துவமனை பம்ப்களில் பால் மோட்டாருக்குள் போகாதபடி தடுப்பு உண்டு. ஒவ்வொரு தாய்க்கும் புனல், குழாய், பாட்டில் புதிதாகத் தரப்படும்.

சுத்தத்தில் அலட்சியம் எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. 2016இல் பென்சில்வேனியா மாநிலத்தில் குறைமாதக் குழந்தை ஒன்றின் மூளையைக் குரோனோபாக்டர் என்ற கிருமி கடுமையாகத் தாக்கியது. அதே கிருமி வீட்டில் பயன்படுத்திய பம்ப்பிலும், அதைக் கழுவிய தொட்டியின் வடிகாலிலும் கண்டுபிடிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் பால் பட்ட பாகங்களைக் கழற்றி, பாத்திரம் கழுவும் தொட்டியில் போடாமல், அதற்கென்று வைத்திருக்கும் தனிப் பேசினில் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, காற்றில் உலர விட வேண்டும். நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிக்க வைப்பது நல்லது. அலுவலகத்தில் கழுவ வசதி இல்லையென்றால் இரண்டு மூன்று செட் பாகங்களை எடுத்துச் செல்லலாம்.

பாலாடையின் மறுவரவு

எடுத்த பால் கெட்டுவிடுமே என்ற கவலை பாட்டிமார்களுக்கு. அது நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு விதிகள் இருக்கின்றன. 25 டிகிரி வரையான அறை வெப்பத்தில் 4 மணி நேரம். ஃபிரிட்ஜின் உட்புறத்தில், கதவில் அல்ல, 4 நாள். ஃப்ரீசரில் 6 மாதம் வரை தரம் குறையாமல் இருக்கும். ஐஸ் பாக்கெட் வைத்த காப்புப் பையில் 24 மணி நேரம் தாங்கும். புனேயின் ஏப்ரல், மே வெயிலில் அறை வெப்பத்தை நம்பாமல் உடனே குளிரில் வைத்துவிடுவதே பாதுகாப்பு. உறைய வைத்து எடுத்த பாலை மறுபடியும் உறைய வைக்கக் கூடாது. அடுப்பில் காய்ச்சவும் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் டம்ளரை வைத்துச் சூடாக்கினால் போதும். மேலே ஆடை போல் கொழுப்புப் பிரிந்து நிற்பது கெட்டதற்கு அடையாளமல்ல. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

அதை எதில் கொடுப்பது? பம்ப் வாங்கும்போது கூடவே பாட்டில் வந்துவிடுகிறது. ஆனால் பாட்டிலின் ரப்பர் காம்புக்குப் பழகிய குழந்தை சில சமயம் மார்பை மறுத்துவிடுகிறது. பாட்டிலைச் சுத்தமாக வைப்பதும் கடினம். 1992இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி குழந்தைகளுக்கான பால் பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வது இந்தியாவில் குற்றம். விடை பாட்டியின் பெட்டியிலேயே இருக்கிறது: பாலாடை. தமிழ்நாட்டு வீடுகளின் இந்தச் சின்னக் கிண்ணம், பச்சிளம் குழந்தை மருத்துவ நூல்களில் அதே பெயரில் ஆங்கிலத்திலும் இடம்பெற்றுவிட்டது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்ட மருத்துவமனைகள் இதைப் பயன்படுத்துகின்றன. மராத்திக் குடும்பங்களிலும் இதுபோன்ற ஒன்று உண்டு, ‘போண்ட்லா’ என்பார்கள். ஆகுர்டியில் பக்கத்து வீட்டு ஆஜியிடம் கேட்டாலே புகட்டும் பக்குவத்தைச் சொல்லித் தருவார். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் கிண்ணத்தை வைத்து, அது நக்கிக் குடிக்கும் வேகத்திலேயே புகட்ட வேண்டும்; வாய்க்குள் ஊற்றக் கூடாது.

தன் குழந்தைக்குப் போக மிஞ்சும் பால் இருந்தால் அதற்கும் இடமுண்டு. 1989இல் மும்பை சயன் மருத்துவமனையில் டாக்டர் அர்மீடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. புனேயில் சசூன் பொது மருத்துவமனையில் வங்கி இருக்கிறது. தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. தானம் செய்யும் தாயைப் பரிசோதித்து, பாலைப் பதப்படுத்தியே குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். விலைக்கு விற்கும் தாய்ப்பாலை நாடக் கூடாது. தாய்ப்பாலை வணிகமாக்க அனுமதியில்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் திட்டவட்டமாக அறிவித்தது.

விலையில்லாத பம்ப்

எந்தத் தாயும் முதலில் கற்க வேண்டியது காசில்லாத முறையை: கை. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டை விரலைக் கருவட்டத்துக்கு மேலும் ஆள்காட்டி விரலைக் கீழுமாக வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரு விரல்களையும் சேர்த்து அழுத்தி விட வேண்டும். தோலில் விரல் வழுக்கித் தேயக் கூடாது. காம்பை இழுக்கக் கூடாது. முதல் ஓரிரு நிமிடம் ஒன்றும் வராது. பொறுமையாகத் தொடர்ந்தால் சொட்டும், பிறகு பீய்ச்சும். மின்சாரம் போனாலும், பம்ப் பழுதானாலும், மார்பு கல் போலாகிக் குழந்தையால் வாய் வைக்க முடியாமல் போனாலும் கைதான் உதவும். பிரசவ வார்டிலேயே நர்ஸிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு வருவது நல்லது. வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பால் எடுத்துப் பழகினால், முதல் நாள் பதற்றம் இராது. குழந்தையும் பாலாடைக்குப் பழகிவிடும்.

இருபது நிமிடம் யார் தருவார்?

சரியான பம்ப் கிடைத்துவிட்டது. எங்கே உட்கார்ந்து எடுப்பது? பலருடைய பதில்: கழிவறையில். யாரும் தன் சாப்பாட்டைக் கழிவறையில் தயாரிப்பதில்லை.

குழந்தைக்கு 15 மாதமாகும் வரை, வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல் பாலூட்டுவதற்கென்று நாளுக்கு இரண்டு இடைவேளை தாயின் உரிமை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் அங்கே நாளுக்கு நான்கு முறை போய் வரலாம் என்றும் 2017 திருத்தம் சொன்னது. புதிய சட்டத் தொகுப்பிலும் இவை இருக்கின்றன. ஆனால் சட்டம் எழுதப்பட்டது குழந்தை பக்கத்திலேயே இருக்கும் என்ற நினைப்பில். நெரிசலான பஸ்ஸில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்கு வரும் தாய்மார்கள் குறைவு. வீட்டில் விட்டுவிட்டு வருபவருக்குத் தேவை காப்பகமல்ல. தாழ்ப்பாள் உள்ள ஒரு சிறிய அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட், கை கழுவும் தொட்டி, ஃபிரிட்ஜில் ஒரு மூலை.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே மத்திய அரசின் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாத விடுப்பு. விடுப்பு குறைவு என்பதாலேயே பம்ப் அங்கே அன்றாடப் பொருளாகிவிட்டது. 2010ஆம் ஆண்டின் சட்டப்படி மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் பம்ப்புக்கான செலவை ஏற்கின்றன. கழிவறையல்லாத தனியிடத்தை முதலாளி தர வேண்டும். இந்தியா விடுப்பைத் தந்தது; இடத்தைத் தர மறந்துவிட்டது. பொது இடங்களில் நிலைமை மெல்ல மாறுகிறது. தமிழ்நாடு 2015இல் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பொது இடங்களில் இத்தகைய அறைகள் அமைவதை மாநிலங்கள் உறுதி செய்ய வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அலுவலகங்களும் தொழிற்சாலைகளும்தான் பாக்கி.

எனவே விடுப்பு முடியுமுன் தாய் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. ஒன்று, கடைக்குப் போவது. மற்றொன்று, மேலதிகாரிக்கோ சூப்பர்வைசருக்கோ இரண்டு வரி எழுதுவது: எந்த நேரங்களில், எத்தனை நிமிடம், எந்த அறை. முதலாவதைவிட இரண்டாவதற்குத் துணிச்சல் அதிகம் தேவை. ஒருவர் கேட்டு வாங்கிய அறை அடுத்தடுத்து வரும் தாய்மார்களுக்கும் உதவும். வீட்டில் கணவரின் பங்கும் இதில் உண்டு. பாகங்களைக் கழுவிக் கொதிக்க வைப்பதற்கும், பாட்டில் மேல் தேதி எழுதி ஃபிரிட்ஜில் அடுக்குவதற்கும் தாயாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

சாயங்காலம் பஸ்கள் ஆகுர்டிக்குத் திரும்புகின்றன. வீடு வந்து முகம் கழுவுவதற்குள் குழந்தை தாயின் மடிக்குத் தாவிவிடுகிறது. அதற்கு இப்போது பம்ப்பும் வேண்டாம், பாலாடையும் வேண்டாம். ஐஸ் வைத்த சின்னப் பையில் நாளைய பகலுக்கான 300 மி.லி. பத்திரமாக இருக்கிறது. பாட்டி அதை ஃபிரிட்ஜில் எடுத்து வைக்கிறார். பவுடர் டின் அலமாரியில் திறக்கப்படாமலே கிடக்கிறது.